பணம் தந்தீர்கள், கையொப்பத்தையும் தாருங்கள்

இளம் ஆய்வாளர்கள் சொந்த ஆய்வகம் தொடங்க நல்கை வழங்கும் அறக்கட்டளைகளுக்கும் அவற்றின் தேர்வுக் குழுக்களுக்கும்,

வணக்கம்.

உங்களில் ஓர் அறக்கட்டளையின் நல்கையைப் பெற்றவள் நான். முனைவர் பட்டத்துக்கான வாய்மொழித் தேர்வு முடிந்த ஏழாவது மாதத்தில் அது வந்தது. உடன் படித்தவர்கள் எல்லோரும் வேறொருவர் ஆய்வகத்தில் சில ஆண்டுகள் போஸ்ட்டாக் ஆய்வாளராகப் பணிபுரியக் கிளம்பிக்கொண்டிருந்த வேளை. எனக்கு மட்டும் ஐந்தாண்டுப் பணம், என் பெயரில் ஓர் ஆய்வகம். அந்தக் கடிதத்தை இன்னும் வைத்திருக்கிறேன். அதில் ஒரு சொற்றொடர் இருக்கிறது: ‘தனித்து இயங்கும் தலைமை ஆய்வாளர்.’ அன்று அதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். நான்கரை ஆண்டுகள் கழித்து அதே சொற்றொடரைப் பற்றித்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

முதலில் நன்றி. மரபுக்காக எழுதும் சொல்லாக இதை எடுத்துக்கொள்ள வேண்டாம். நீங்கள் தந்தது எதைச் சாத்தியமாக்கியது என்று விளங்கச் சொன்னால்தான், அது எங்கே தடைப்பட்டது என்பதும் உங்களுக்குப் புரியும்.

மண்ணில் வாழும் பேசில்லஸ் சப்டிலிஸ் என்ற பாக்டீரியம் உணவு தீர்ந்துபோனால் தன்னைச் சுற்றித் தடித்த உறைகளை எழுப்பிக்கொண்டு, ஸ்போர் எனப்படும் வித்தாக மாறி உறங்கிவிடும். வெப்பத்தையும் வறட்சியையும் தாங்கி ஆண்டுக்கணக்கில் அப்படியே கிடக்கும். அலனைன் போன்ற ஓர் அமினோ அமிலம் கிடைத்ததும் நிமிடங்களில் விழித்துக்கொள்ளும். நுண்ணோக்கியில் முத்துப்போல் ஒளிர்ந்துகொண்டிருந்த வித்து, நாம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒளி குன்றிக் கருமையாகும். ஆயிரக்கணக்கான தடவை பார்த்துவிட்டேன், இன்றும் அலுக்கவில்லை. ஆனால் ஒரே குடுவையில் உருவாகி, ஒரே மரபணுத் தொகுதியைக் கொண்ட வித்துகளில் மிகச் சில, எவ்வளவு உணவு கொடுத்தாலும் விழிப்பதில்லை. கூட்டம் முழுவதும் எழுந்துபோன பிறகும் அவை ஒளிர்ந்துகொண்டே கிடக்கும்.

முனைவர் பட்டத்துக்காக நான் பணிபுரிந்த ஆய்வகம் வித்தின் உறையில் உள்ள புரதங்களை ஆராய்ந்தது. அங்கே விழிக்காத வித்துகளைக் கணக்கிலிருந்து நீக்கிவிடுவது வழக்கம். சராசரியைக் கெடுக்கும் பிழைகள் அவை. ஐந்து ஆண்டுகள் நானும் நீக்கினேன். நீக்கிய வரிசைகளை மட்டும் தனியாக ஒரு கோப்பில் சேர்த்துவைத்தேன். உங்களுக்கு நான் அனுப்பிய விண்ணப்பம் அந்தக் கோப்பிலிருந்து பிறந்தது. என் நெறியாளர் அதைத் தடுக்கவில்லை, ஊக்கமே அளித்தார். ஆனால் அவருடைய ஆய்வகத்தில், அவருடைய நல்கையில், அந்தக் கேள்விக்கு இடமில்லை. அது அவர் குற்றமில்லை. ஒரு ஆய்வகம் ஒரு கேள்வியைச் சுமப்பதற்கே திணறும். அங்கே இன்னொருத்தியின் கேள்வியை எங்கே வைப்பது?

நல்கை இல்லாமல் வழக்கமான பாதையில் போயிருந்தால் அந்தக் கோப்பை எப்போது திறந்திருப்பேன் என்று யோசித்துப் பார்க்கிறேன். அமெரிக்காவின் தேசிய நலவாழ்வு நிறுவனங்கள் வழங்கும் முதன்மையான ஆய்வு நல்கையை முனைவர் பட்டம் பெற்றவர்கள் முதன்முறையாகப் பெறும் சராசரி வயது 1980 வாக்கில் 36-ஐ ஒட்டி இருந்தது. 2010-களில் அது 42-ஐ ஒட்டி ஏறிவிட்டது. பதினைந்து ஆண்டுகள் பிறர் கேள்விக்கு விடை தேடிவிட்டு, நாற்பதைத் தாண்டியபின் தன் கேள்விக்கு வருகிறவரிடம் அந்தக் கேள்வி அப்போதும் உயிரோடிருக்குமா என்பதே ஐயம். உங்களில் பலர் இந்தத் திட்டங்களைத் தொடங்கியதே இந்தக் கவலையால்தான் என்பதை அறிவேன். அமெரிக்க நிறுவனம் 2011-இல் முதல் விருதுகளை வழங்கிய இளம்பருவத் தனித்தியங்கு விருதும் அதே கவலையில் எழுந்ததுதான். போஸ்ட்டாக் காலத்தைத் தாண்டி நேரே ஆய்வகம் தொடங்க அது வழிசெய்தது.

வரலாறு உங்கள் பக்கம் இருக்கிறது. 1978-இல் ஹைடல்பெர்க் நகரிலுள்ள ஐரோப்பிய மூலக்கூறு உயிரியல் ஆய்வகத்தில் இரண்டு இளம் ஆய்வாளர்களுக்குச் சேர்த்து ஒரே ஒரு சிறிய ஆய்வகம் தரப்பட்டது. கிறிஸ்டியானே நியூஸ்லைன்-ஃபோல்ஹார்ட், எரிக் வீஷாஸ். இருவர் ஒரே நேரத்தில் பார்க்கும்படி அமைந்த நுண்ணோக்கியின் முன் எதிரெதிரே அமர்ந்து, ஓராண்டுக்கும் மேலாக, பழ ஈயின் கருக்களில் எது எங்கே கெட்டிருக்கிறது என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். உடல் எப்படிக் கண்டம் கண்டமாகப் பிரிகிறது என்பதைத் தீர்மானிக்கும் 15 மரபணு இடங்களை விவரித்து 1980-இல் அவர்கள் எழுதிய கட்டுரை 1995-இல் நோபல் பரிசு வரை போனது. இந்தக் கதையைச் சொல்லும்போது எல்லோரும் நுண்ணோக்கியைச் சொல்வார்கள், பொறுமையைச் சொல்வார்கள். என் கண்ணில் படுவது வேறொன்று. ஓராண்டு முழுவதும் கெட்டுப்போன கருக்களை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பது என்று அவர்களே முடிவெடுக்க முடிந்திருக்கிறது. அறை சிறியதாக இருந்தாலும் அதற்குள் நடப்பதைத் தீர்மானிக்கும் உரிமை அவர்களிடம் இருந்தது.

எனக்கு அறை பெரியது. சன்னல் இருந்தது, புதிய குளிர் உறைபெட்டி இருந்தது, கதவில் என் பெயர்ப் பலகை இருந்தது. உரிமை மட்டும் வேறிடத்தில் இருந்தது.

முதல் கொள்முதல் கோப்பிலேயே அது தெரிந்தது. வித்துகள் விழிப்பதைப் பல மணி நேரம் விடாமல் படம்பிடிக்க ஒரு கேமரா தேவைப்பட்டது. விண்ணப்பத்தில் எழுதியிருந்தேன், நீங்கள் ஒப்புதல் அளித்திருந்தீர்கள், பணமும் கணக்கில் இருந்தது. கோப்பு திரும்பி வந்தது. ‘நிரந்தரப் பேராசிரியர் ஒப்பம் இல்லை’ என்று ஓரத்தில் குறிப்பு. எனக்கு இடம் தந்த நிறுவனத்தின் விதிப்படி, காலவரையறை உள்ள பணியில் இருப்பவர் குறிப்பிட்ட வரம்புக்கு மேல் எதையும் வாங்கக் கையொப்பமிட முடியாது. மூத்த பேராசிரியர் ஒருவர் ஒப்பமிட வேண்டும். அவர் நல்லவர், காக்கவைக்கவில்லை. ஒன்று மட்டும் கேட்டார்: “எங்கள் ஆய்வகத்தில் ஒரு கேமரா இருக்கிறதே, அதைப் பகிர்ந்துகொண்டால் போதாதா?”

கேட்டது தவறே இல்லை. கையொப்பம் போடுகிறவர் பொறுப்பேற்கிறார். பொறுப்பேற்கிறவர் கேட்கத்தான் வேண்டும். நான் விளக்கினேன். விழிக்காத வித்துகளைப் பிடிக்க வேண்டுமானால் எல்லாம் விழித்து முடிந்த பிறகும் கேமரா ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், சில சமயம் மூன்று நாள்கூட. பகிர்ந்துகொள்ளும் கருவியில் அது நடக்காது. அவர் ஏற்றுக்கொண்டார், ஒப்பமிட்டார். கேமரா ஐந்து மாதம் தாமதமாக வந்தது. அந்தத் தாமதத்தை நான் மறந்துவிட்டேன். மறக்க முடியாதது அதற்குப் பிறகு எனக்குள் நடந்தது.

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. இரண்டாம் ஆண்டின் முடிவில், சோதனைகளை அன்றாடம் குறித்துவைக்கும் என் ஆய்வேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தேன். செய்ய நினைத்த சோதனைகள் ஒரு பக்கத்தில், செய்தவை எதிர்ப்பக்கத்தில். செய்தவை எல்லாம் விளக்குவதற்கு எளிதானவையாக இருந்தன. ‘இது எதற்கு?’ என்று கேட்டால் இரண்டு வரியில் பதில் சொல்லக்கூடியவை. எனக்கே இன்னும் முழுதாகப் புரியாத, ஒரு உள்ளுணர்வால் மட்டும் செய்து பார்க்க விரும்பியவை மறுபக்கத்திலேயே தங்கிவிட்டன. எதையும் எவரும் மறுக்கவில்லை. அவற்றுக்காக நான் கோப்பே எழுப்பவில்லை. ஒவ்வொரு வேதிப்பொருளுக்கும் ஒருவரிடம் போய்க் காரணம் சொல்ல வேண்டும் என்ற நிலையில், காரணம் சொல்ல முடியாத கேள்விகளை நானே முளையில் கிள்ளிவிட்டேன்.

தேர்வுக் குழுவில் இருக்கிறவர்களே, இந்த இடத்தில் சற்று நில்லுங்கள். நீங்கள் என்னைத் தேர்ந்தெடுத்தது அந்த மறுபக்கத்துக்காகத்தான். நேர்காணலில் உங்களில் ஒருவர் கேட்டார்: ‘உங்கள் நெறியாளர் செய்யாத எதை நீங்கள் செய்வீர்கள்?’ நான் சொன்ன பதில் முழுவதும் அந்தப் பக்கத்தில் இருந்தது. பணம் வந்தது, பெயர்ப் பலகை வந்தது, ஆனாலும் அந்தப் பக்கம் இரண்டு ஆண்டுகள் அசையவில்லை. கையொப்பம் போடும் உரிமை என்பது அலுவலக வசதி என்று நினைத்திருந்தேன். என்ன கேட்கலாம், எதைக் கேட்காமல் விடலாம் என்பதை அது உள்ளிருந்தே திருத்தி எழுதும் என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

மரபணு மாற்றிய பாக்டீரியங்களைக் கையாளுவதற்கான உயிரியல் பாதுகாப்புக் குழுவின் அனுமதியும் இப்படித்தான், இன்னொருவர் பெயரில் வந்தது. அதை விட்டுவிடுகிறேன். மாணவியின் கதையைச் சொல்ல வேண்டும்.

இரண்டாம் ஆண்டில் ஒரு மாணவி வந்தாள். என் கருத்தரங்கு உரையைக் கேட்டுவிட்டு, உறங்குகிற வித்து காலத்தைக் கணக்கு வைத்திருக்குமா என்று கேட்டாள். 2022-இல் சான் டியாகோவிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள், உறங்கும் வித்துகள் தமக்குள் சேமித்த பொட்டாசியம் அயனிகளைச் சிறிது சிறிதாக வெளிவிடுவதன் மூலம் வெளியிலிருந்து வரும் சிறு தூண்டல்களைக் கூட்டிக் கணக்கிடுகின்றன என்று காட்டியிருந்தார்கள். அவள் அதைப் படித்திருந்தாள். அப்படியானால் விழிக்காதவை கணக்குப் போடத் தவறியவையா, அல்லது வேறு கணக்குப் போடுகின்றனவா என்பது அவள் கேள்வி. அன்று மாலை முழுவதும் கரும்பலகை முன் நின்றே பேசினோம். ஆய்வகம் என்றால் இதுதான் என்று அன்று தோன்றியது.

பதிவுப் படிவத்தில் ‘நெறியாளர்’ என்ற கட்டத்தில் என் பெயரை எழுத முடியவில்லை. காலவரையறைப் பணியில் இருப்பவர் இணை நெறியாளராக மட்டுமே இருக்கலாம் என்பது விதி. அதே மூத்த பேராசிரியரின் பெயர் மேலே, என் பெயர் கீழே. அவள் ஆய்வைப் பரிசீலிக்கும் குழு ஆண்டுக்கொருமுறை கூடும்போது முதலில் பேசுபவர் அவர்தான். உறைப் புரதம் ஒன்றையும் சேர்த்து ஆராய்ந்தால் பட்டம் விரைவில் முடியும் என்று அவர் அறிவுரை சொன்னார். அக்கறையோடுதான் சொன்னார். எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாமல் அவள் என் முகத்தைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு நான் விடை வைத்திருக்க வேண்டும். வைத்திருக்கவில்லை. பட்டச் சான்றிதழில் ஒப்பமிடப்போகிறவர் நான் இல்லையே. அவளுடைய ஓராண்டு உறைப் புரதத்தில் போயிற்று.

பின்னர் முதல் கட்டுரை எழுதியபோது ஆசிரியர் பட்டியல் வந்தது. எங்கள் துறையில் கடைசியில் வரும் பெயர்தான் ஆய்வகத்தின் பெயர் என்பது உங்களுக்குத் தெரியும். ‘முறையான நெறியாளர் கடைசியில் வருவதுதானே வழக்கம்’ என்று துறை அலுவலகத்திலிருந்து கேட்டார்கள். மூத்த பேராசிரியர் தாமாகவே விலகிக்கொண்டார். அந்தப் பெருந்தன்மைக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன். ஆனால் தனித்து இயங்கும் உரிமை இன்னொருவரின் பெருந்தன்மையில் தொங்கிக்கொண்டிருக்கக் கூடாது. அடுத்து இந்த நல்கையைப் பெற்று வரும் ஃபெலோவுக்கு வாய்க்கிறவர் இவரைப்போல் இருப்பார் என்று யார் உறுதி சொல்வது?

நிறுவனங்களை நான் குறை சொல்லி முடிக்கவில்லை. அவர்கள் தரப்பில் நியாயம் உண்டு. ஐந்தாண்டில் நான் போய்விட்டால் மாணவியை யார் முடித்துவைப்பது? உறைபெட்டியில் கிடக்கும் ஆயிரக்கணக்கான குப்பிகளுக்கு யார் பொறுப்பு? விபத்து நேர்ந்தால் யாரைக் கேட்பது? நிரந்தரமானவர் ஒருவரின் கையொப்பத்தை அவர்கள் கேட்பதற்கு இவையே காரணம். இவை தீர்க்க முடியாத சிக்கல்கள் அல்ல. நெறியாளர் இடம் மாறினால் மாணவரை யார் ஏற்பது என்று முன்கூட்டியே எழுதிவைக்கலாம். நிரந்தரப் பேராசிரியர்களும்கூட இடம் மாறுகிறார்கள், ஓய்வு பெறுகிறார்கள், அப்போதெல்லாம் ஒரு வழி கண்டுபிடிக்கத்தானே செய்கிறோம்? ஆனால் இதை யார் பேசுவது, எப்போது பேசுவது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பணிக்கு வந்து சேர்ந்தபின் ஒரு புதியவள் தனியாகப் போய் விதியை மாற்றச் சொன்னால் எவரும் கேட்கமாட்டார்கள். பணம் கைமாறுவதற்கு முந்தைய சில வாரங்களில் நீங்கள் கேட்டால் கேட்பார்கள். அந்தச் சில வாரங்களை நீங்கள் வரவுசெலவுத் தலைப்புகளைச் சரிபார்ப்பதில் கழித்துவிட்டீர்கள்.

செய்ய முடியும் என்பதற்கு முன்னுதாரணங்கள் பல. ஜெர்மனியின் மேக்ஸ் பிளாங்க் ஆய்வுக் கழகம் 1969-இல் டூபிங்கனில் ஃபிரீட்ரிஷ் மீஷர் ஆய்வகத்தை நிறுவியதே, இளம் உயிரியலாளர்கள் குறிப்பிட்ட காலத்துக்குத் தங்கள் சொந்தக் குழுவை நடத்த வேண்டும் என்பதற்காகத்தான். முன்பு சொன்ன நியூஸ்லைன்-ஃபோல்ஹார்ட் 1981-இல் அங்குதான் போனார். அங்கே இளையவர் விருந்தாளியாக இல்லை. வீடே அவர்களுக்காகக் கட்டியது. பால்டிமோரில் கார்னகி நிறுவனத்தின் கருவியல் துறை இளம் ஆய்வாளர்களுக்கென வைத்திருந்த பதவியில் 1986-இல் சேர்ந்தவர் ஆன்ட்ரூ ஃபயர், மரபணுவின் செயலை அடக்கும் ஆர்.என்.ஏ. குறுக்கீட்டைப் பற்றி 1998-இல் வெளிவந்த ஆய்வுக்காக 2006-இல் கிரெய்க் மெல்லோவுடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். அமெரிக்காவின் வைட்ஹெட் உயிரியல் ஆய்வு நிறுவனம் 1984 முதல் முனைவர் பட்டம் முடித்த கையோடு ஆய்வகம் தருகிறது. அங்கே வைரஸ்களை ஆராய்ந்த கேட் ரூபின்ஸ் பிறகு விண்வெளி வீராங்கனையாகி, 2016-இல் விண்வெளி நிலையத்தில் முதன்முதலாக டி.என்.ஏ. வரிசையைப் படித்தார். இப்படியொரு திருப்பத்தை எந்த ஐந்தாண்டுத் திட்டப் படிவமும் முன்கூட்டிச் சொல்லியிருக்காது.

படிவம் என்றதும் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஆண்டறிக்கையில் நீங்கள் என்னிடம் கேட்பவை: எத்தனை விழுக்காடு செலவாயிற்று, எத்தனை கட்டுரைகள், எத்தனை மாநாடுகள், அடுத்த ஆண்டுக்கான இலக்கு எட்டப்படுமா. பதினாறு பக்கங்களில் ஓரிடத்தில்கூட ‘என்ன கண்டுபிடித்தீர்கள்’ என்ற கேள்வி இல்லை. 1913-இல் சென்னைப் பல்கலைக்கழகம், பட்டம் எதுவும் பெறாத ஒரு எழுத்தருக்கு ஆய்வு உதவித்தொகை வழங்கியது. காலாண்டுக்கு ஒருமுறை அறிக்கை தர வேண்டும் என்பது நிபந்தனை. ராமானுஜன் எழுதித் தந்த அந்த அறிக்கைகளில் இருந்தவை தேற்றங்கள். இன்று அவர் பெயரால் முதன்மைத் தேற்றம் என்று வழங்கும் முடிவு அவற்றில்தான் இருக்கிறது. அறிக்கை கேட்பது தவறில்லை. நானும் தரத்தான் விரும்புகிறேன். கேட்கிற கேள்வி சரியாக இருந்தால், அறிக்கை எழுதும் வாரம்கூட ஆய்வு செய்யும் வாரமாகிவிடும். முதல் ஆண்டு அறிக்கையிலேயே ‘எதைச் செய்யாமல் விட்டீர்கள், ஏன்’ என்று ஒரு வரி நீங்கள் கேட்டிருந்தால், என் ஆய்வேட்டின் மறுபக்கத்தை நான் ஒரு ஆண்டு முன்னதாகவே பார்த்திருப்பேன்.

மூன்றாம் ஆண்டு மதிப்பீட்டைப் பற்றி நீளமாகச் சொல்ல மாட்டேன். வெறும் அறையாக வந்து சேரும் ஆய்வகத்தில் முதல் ஆண்டு கருவிக்கும் ஆளுக்கும் அனுமதிக்கும் போய்விடும். இரண்டாம் ஆண்டில் சோதனைகள் ஓடத் தொடங்கும், பாதி தோற்கும். இருபத்தைந்தாம் மாதம் கட்டுரைகளை எண்ணுவது பயன் தராது. ஐந்தாண்டுக் கணக்கைக் கதவின் சாவி கைக்கு வந்த நாளிலிருந்து தொடங்கினாலே பாதிக் கவலை தீரும்.

இனி எழுதப்போவது எனக்குக் கடினமான பகுதி.

நேர்காணல் நாளன்று காத்திருப்பு அறையில் எனக்கு அடுத்து அமர்ந்திருந்தவர் என் வகுப்புத் தோழர். ஆழ்கடல் படிவுகளில் வாழும் நுண்ணுயிர்கள் எவ்வளவு மெதுவாகப் பெருகுகின்றன என்பது அவருடைய கேள்வி. அதை அளக்க அவர் யோசித்திருந்த வழி எனக்கு அன்றும் வியப்பாக இருந்தது, இன்றும் இருக்கிறது. பின்னர் இருவரும் மதிப்பெண் கடிதங்களை ஒப்பிட்டோம். எங்களுக்கு இடையே இருந்தது தசமப் புள்ளிக்கு அடுத்த இலக்கத்தில் ஒரு சிறு வேறுபாடு. தேர்வானவர்களைப் பிரிக்கும் கோடு அந்த இடைவெளியில் விழுந்தது. இன்று எனக்கு ஒரு ஆய்வகம் இருக்கிறது. அவர் ஆய்வை விட்டுப் போய் ஆண்டுகள் ஆகின்றன. அந்த முறையை வேறு எவரும் முயன்று பார்த்ததாக நான் அறியவில்லை.

இதை நட்பின் வருத்தம் என்று நீங்கள் ஒதுக்கலாம். ஆனால் இதே நிலையை அளந்து பார்த்திருக்கிறார்கள். நெதர்லாந்தின் இளம் ஆய்வாளர் நல்கை ஒன்றை ஆராய்ந்து 2018-இல் வெளிவந்த ஆய்வில், கோட்டுக்குச் சற்று மேலே நின்றவர்கள், ஏறக்குறைய அதே மதிப்பெண்ணுடன் சற்றுக் கீழே நின்றவர்களைவிட அடுத்த எட்டு ஆண்டுகளில் இரண்டு மடங்குக்கும் மேலான ஆய்வுப் பணத்தைப் பெற்றிருந்தார்கள். தோற்றவர்கள் மீண்டும் விண்ணப்பிப்பதைக் குறைத்துக்கொண்டது அதற்கு ஒரு காரணம். மறு ஆண்டு, அமெரிக்க தேசிய நலவாழ்வு நிறுவனங்களுக்கு விண்ணப்பித்தவர்களை ஆராய்ந்த மற்றொரு ஆய்வு, மயிரிழையில் தவறவிட்டவர்களில் கணிசமானோர் அந்தக் களத்திலிருந்தே மறைந்துபோனதையும், நிலைத்து நின்றவர்கள் பிற்காலத்தில் வென்றவர்களைவிட அதிகம் மேற்கோள் காட்டப்படும் கட்டுரைகளை எழுதியதையும் காட்டியது. கோட்டுக்குக் கீழே திறமை முடிந்துவிடவில்லை என்பதை இந்த இரண்டும் சேர்ந்து சொல்கின்றன. ஒருவரின் எதிர்காலத்தைத் தசமத்தின் முதல் இலக்கத்துக்கு அப்பால் கணிக்க முடியும் என்று உங்களில் எவரும் உண்மையில் நம்பவில்லை என்றே நினைக்கிறேன்.

நியூசிலாந்தின் நலவாழ்வு ஆய்வு மன்றம் 2013-இல் ஒரு நல்கையில், தகுதியானவை என்று தேறிய விண்ணப்பங்களுக்கிடையே சீட்டுக் குலுக்கித் தேரத் தொடங்கியது. சுவிட்சர்லாந்தின் தேசிய அறிவியல் அறக்கட்டளையும், கோட்டருகே பிரித்தறிய முடியாத விண்ணப்பங்களுக்கு அந்த வழியைப் பின்பற்றத் தொடங்கியிருக்கிறது. முதலில் கேட்டபோது எனக்கு மனம் ஒப்பவில்லை. என் வெற்றியும் குலுக்கலாகிவிடுமே என்ற தயக்கம். நாளடைவில் அந்தத் தயக்கம் போய்விட்டது. சீட்டில் தோற்றவர் தன் கேள்வி தோற்றதாக நினைக்க மாட்டார். அடுத்த ஆண்டு வருவார். என் தோழரும் வந்திருப்பார். அவருக்கு வந்த கடிதத்தில் ‘போட்டி மிகக் கடுமையாக இருந்தது’ என்பதைத் தவிர எதுவும் எழுதியிருக்கவில்லை. குலுக்கலுக்கு உங்கள் விதி இடம் தராவிட்டால், அந்தக் கடிதத்தையாவது மாற்றுங்கள். கோட்டுக்கு அருகில் நின்றவர்களுக்கு அவர்கள் நின்ற இடத்தைச் சொல்லுங்கள், மீண்டும் வரும்படி பெயர் சொல்லி அழையுங்கள்.

என் ஆய்வகத்தில் இப்போது நான்கு பேர் இருக்கிறோம். மறுபக்கத்துச் சோதனைகளில் மூன்று ஓடிக்கொண்டிருக்கின்றன. மூன்றாம் ஆண்டில் துறைத் தலைவரிடம் நேரில் பேசினேன். பேசுவதற்கே பல வாரம் என்னைத் திடப்படுத்திக்கொள்ள வேண்டியிருந்தது. கொள்முதல் வரம்பு தளர்த்தப்பட்டது. அந்த ஆண்டே, ஐந்து நாள் உணவின்றியும் பிறகு ஐந்து நாள் உணவோடும் வைத்த வித்துகளைத் தொடர்ந்து படம்பிடித்தோம். யாராவது காரணம் கேட்டிருந்தால் எங்களால் சொல்லியிருக்க முடியாத சோதனை அது. விழிக்காதவை என்று நாங்கள் முத்திரை குத்தியவற்றில் சில, உணவு கொடுத்த நான்காம் நாள் இரவு, ஒன்றன்பின் ஒன்றாகக் கருமையாயின. மாணவி விடியற்காலையில் என்னை அழைத்தாள். திரையின் முன் இருவரும் பேசாமல் நின்றோம். இதன் பொருள் என்ன என்று இன்னும் தெரியாது. அதைக் கண்டுபிடிக்க ஆறு மாதம் மீதமிருக்கிறது.

ஆகவே என் வேண்டுகோள். அடுத்த சுற்றின் விண்ணப்பப் படிவத்தில், இடம் தரும் நிறுவனத்தின் தலைவர் ஒப்பமிடும் பக்கம் ஒன்று இருக்கிறது. இப்போது அதில் ‘விண்ணப்பதாரருக்குத் தேவையான வசதிகள் அளிக்கப்படும்’ என்ற ஒரே வரிதான் உள்ளது. அந்த வரியை எடுத்துவிடுங்கள். நல்கைப் பணத்தைச் செலவிட ஃபெலோவின் கையொப்பமே போதும் என்று எழுதுங்கள். அவரிடம் சேரும் மாணவரின் படிவத்தில் நெறியாளர் கட்டத்தில் அவர் பெயரே இருக்கும் என்றும், அவர் இடம் மாறினால் மாணவரையும் குப்பிகளையும் ஏற்பவர் இன்னார் என்றும் எழுதுங்கள். ஐந்தாம் ஆண்டு முடிந்தபின் என்ன என்பதை நான்காம் ஆண்டின் தொடக்கத்திலேயே நிறுவனம் அவரிடம் தெரிவிக்க வேண்டும் என்பதையும் சேருங்கள். ஒப்பமிட மறுக்கும் நிறுவனத்துக்குப் பணத்தை அனுப்பாதீர்கள். விண்ணப்பதாரர் வேறு இடம் தேட மூன்று மாத அவகாசம் கொடுங்கள்.

படிவம் அச்சுக்குப் போகும் முன் எவரேனும் என்னிடம் பேச விரும்பினால் வருகிறேன். ஆய்வேட்டையும் கொண்டுவருகிறேன், இரண்டு பக்கங்களையும் காட்ட.

மதிப்புடன்,
உங்கள் நல்கையில் ஆய்வகம் தொடங்கிய ஒருத்தி